"தத்தி" என்று சொல்வதற்குப் பதிலாக: கை தவறுகிறவர்களையும் கால் இடறுகிறவர்களையும் எப்படி விவரிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பையன் எதை எடுத்தாலும் கீழே போடுகிறான். வீட்டில் எல்லாரும் "தத்தி" என்கிறோம். விளையாட்டாகச் சொல்வதுதானே, அதில் என்ன கெடுதல்?

அந்தச் சொல் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. கை சரியாக வராதவனையும் தத்தி என்கிறோம், கணக்கு வராதவனையும் தத்தி என்கிறோம். மந்தம், அசமந்தம், மக்கு எல்லாமே இப்படித்தான். உடம்பில் தொடங்கி மூளைக்குத் தாவிவிடும். சட்டைப் பொத்தான் போடத் திணறும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நாள்தோறும் கேட்கிற சொல்லை அவன் தன் பெயரைப் போலவே ஏற்றுக்கொள்வான். பிறகு முயற்சி செய்வதையே விட்டுவிடுவான். பழகாத கை இன்னும் பின்தங்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. "தத்தி" என்று முடிவுகட்டிய பிறகு, ஏன் கீழே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்வைக் குறை, தசைப் பலவீனம், காய்ச்சலுக்குப் பின் வரும் நரம்புக் கோளாறு என எதுவாக இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கும்.

அப்படியானால் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

ஆளுக்குப் பெயர் வைப்பதை விட்டு, நடந்ததை வினைச்சொல்லால் சொல்லுங்கள். இதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் உடம்பின் வேறொரு வேலையைச் சுட்டுகிறது. அதனால் சரியான சொல்லைத் தேர்ந்தாலே காரணம் தேடுகிற வேலையில் பாதி முடிந்துவிடும்.

*கைதவறிப் போடுகிறாள்:* கையில் பிடித்த பொருள் நழுவுகிறது. பிடியின் பலம், விரல் நுனி உணர்ச்சி, எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்ற கணிப்பு ஆகியவை இதில் அடங்கும்.

*தட்டிவிடுகிறாள்:* பிடிக்காத பொருளைக் கையோ முழங்கையோ பட்டுக் கவிழ்ப்பது. தன் கை எங்கே போகிறது, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணிப்பு பிசகுகிறது. ஒரு பக்கத்துப் பொருளையே திரும்பத் திரும்பத் தட்டிவிட்டால் அந்தப் பக்கப் பார்வையைச் சோதிக்க வேண்டும்.

*இடித்துக்கொள்கிறாள்:* நிலைப்படி, மேசை முனை, எதிரே வருகிறவரின் தோள். இதுவும் தூரக் கணிப்பைச் சேர்ந்ததே. வளரிளம் பருவத்தில் சில மாதங்களில் கைகால் நீளும்போது இது இயல்பாகவே கூடி, பிறகு தணியும்.

*இடறுகிறாள், தடுக்கி விழுகிறாள்:* காலைப் போதுமான உயரம் தூக்காமல் விரல் நுனி தரையில் படுவது. செருப்பின் முன்பக்கத்தைப் பாருங்கள். ஒரு செருப்பு மட்டும் முனையில் தேய்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி அது.

*கால் பின்னிக்கொள்கிறது:* ஓடும்போதோ திரும்பும்போதோ ஒரு கால் மற்றதில் மாட்டுவது.

*தள்ளாடுகிறாள்:* நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பே பக்கவாட்டில் ஆடுவது. காலை அகட்டி வைத்து நடப்பதும் இதோடு வரும். மேலே சொன்னவற்றைவிட இது கவலைக்குரியது.

*நடுங்குகிறது:* சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது மட்டும் நடுங்குகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

*சிந்துகிறாள்:* ஊற்றும்போதா, தூக்கிக்கொண்டு நடக்கும்போதா, பிசைந்து உண்ணும்போதா? ஊற்றுவதற்கு இரண்டு கைகளும் ஒத்துழைக்க வேண்டும், நடப்பதற்கு உடல் சமநிலை வேண்டும், சோறு பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்கு ஐந்து விரலும் சேர்ந்து இயங்க வேண்டும். மூன்றும் தனித்தனி.

"அவசரக்குடுக்கை", "பராக்குப் பார்க்கிறவன்" என்பவையும் இதே வகைதானா?

இல்லை. இவை கவனத்தைப் பற்றிய சொற்கள். வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சத்தமில்லாத இடத்தில், அவசரப்படுத்தாமல், ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு செம்பிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். அமைதியாக இருக்கும்போது சிந்தாமல் ஊற்றிவிட்டு, அவசரத்தில் மட்டும் சிந்தினால் கவனம்தான் முதல் காரணமாக இருக்கக்கூடும். கண்ணை எடுக்காமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக ஊற்றியும் சிந்தினால் கவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது மிகச் சாதாரணம். உடலியக்க ஒருங்கிணைப்புக் குறை (கண், கை, கால் ஒத்திசைந்து இயங்காத நிலை) உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறும் சேர்ந்தே காணப்படுகிறது.

பேத்தி இடக்கைக்காரி. "பீச்சாங்கையால் செய்தால் எல்லாம் இப்படித்தான் ஆகும்" என்கிறார்கள். உண்மையா?

இடக்கைப் பழக்கம் தடுமாற்றம் ஆகாது. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது இயல்பு. திணறல் வருவதற்குக் காரணம் பொருள்கள்தான். வலக்கைக்குச் செய்த கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் இரண்டு அலகும் விலகி, தாள் வெட்டுப்படாமல் மடங்கும். இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுங்கள். எழுதும்போது நோட்டின் மேல்முனை வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வலக்கைக்காரருக்கு இது நேர்மாறு. இரட்டை பெஞ்சில் அவளை இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோத மாட்டாள். பீச்சாங்கை, நொட்டாங்கை என்பதற்கெல்லாம் பதிலாக இடக்கை என்றே சொல்லிப் பழகலாம். வற்புறுத்திக் கையை மாற்றினால்தான் உண்மையான தடுமாற்றம் தொடங்கும்.

மூன்று வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை அறவே தவிர்த்தால் அது வேறு விஷயம். குறிப்பாக ஒரு வயதுக்கு முன்பே அப்படி இருந்தால், தவிர்க்கப்படும் கையில் பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த வயது வரை இதெல்லாம் இயல்பு?

தளர்நடை போடும் குழந்தை விழுந்து எழுவது வளர்ச்சியின் பகுதி. 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் காட்ட வேண்டும். நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒற்றைக் காலில் சில முறை நொண்டியடிப்பார்கள், பெரிய பொத்தானைப் போடுவார்கள். ஷூ நாடா கட்ட ஆறு வயதுபோல ஆகும். ஒரு வேலையில் மட்டும் பின்தங்கியிருந்தால் பழக்கம் போதாமலிருக்கலாம். பாண்டி விளையாட்டு, பந்து பிடித்தல், பொத்தான், கத்தரிக்கோல், எழுத்து எனப் பலவற்றிலும் ஒத்த வயதினரைவிடத் தெளிவாகப் பின்தங்கி, அது படிப்பையோ அன்றாட வேலைகளையோ பாதித்தால் பரிசோதனை தேவை.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டா?

வளர்ச்சிசார் உடலியக்க ஒருங்கிணைப்புக் கோளாறு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டிசிடி என்பார்கள். டிஸ்பிராக்சியா என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அதாவது 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கும் வாய்ப்புக் கூடுதல்.

மருத்துவ உலகமே நெடுங்காலம் பட்டப்பெயரைத்தான் பயன்படுத்திவந்தது. 1960களிலும் 70களிலும் ஆங்கில மருத்துவ இதழ்களிலும் நூல்களிலும் "தடுமாற்றக் குழந்தை" என்று பொருள்படும் தலைப்புகள் சாதாரணம். 1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இப்போதைய பெயர் இடம்பெற்றது. 1994இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள் இந்தப் பெயரையே எல்லாரும் பயன்படுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்து வயதுக்கு முன் டிசிடி என்ற முடிவுக்கு வருவது அரிது. பிள்ளைகள் தாமாகவே எட்டிப்பிடித்துவிடும் வயது அது. பரிசோதனையில் மூன்று பகுதிகள் இருக்கும்: விரல் வேலை, குறிவைத்தலும் பிடித்தலும், சமநிலை. பரவலாகப் பயன்படும் ஒரு சோதனைக்கு 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். மதிப்பெண் மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா, சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா, வேறு நோய் எதுவும் காரணமா ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே முடிவு.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? "எல்லாத்தையும் கீழே போடுறான் டாக்டர்" என்றால் போதாதா?

போதாது. மருத்துவர் உங்கள் பிள்ளையைச் சில நிமிடங்களே பார்க்கிறார். ஒரு வாரம் குறித்துவைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் என்ன செய்தான், எந்தக் கை அல்லது கால், எந்த நேரம், முன்பு செய்ய முடிந்ததா என்ற நான்கும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வயது 7. டம்ளரைத் தூக்கும்போது நழுவுவதில்லை, வைக்கும்போது மேசை விளிம்பில் வைத்துக் கவிழ்க்கிறான். இரண்டு கையிலும் அப்படியே. பொத்தான் போட 10 நிமிடம் ஆகிறது, மேல் பொத்தான் போடவே முடிவதில்லை. சைக்கிள் வரவில்லை. பேச்சு, படிப்பு வயதுக்கேற்ப. எப்போதுமே இப்படித்தான், புதிதாக வந்ததில்லை."

இந்தக் கடைசி வரிதான் மருத்துவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். கைபேசியில் அரை நிமிடக் காணொளிகள் இரண்டு எடுங்கள்: ஒன்று படியேறி இறங்குவது, மற்றொன்று சாப்பிடுவது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

"முன்பு நன்றாகச் செய்தான், இப்போது முடியவில்லை" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வந்தால் டிசிடி என்று காத்திருக்கவே கூடாது. டிசிடி புதிதாக முளைப்பதில்லை.

தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தால் தசைநோய்க்கான பரிசோதனை வேண்டும். ஆண் குழந்தைகளிடம் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். காலையில் தலைவலி, வாந்தி, அவற்றோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளிகளில் அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று உண்டு. தொண்டைத் தொற்று வந்துபோன சில வாரங்களிலோ மாதங்களிலோ, 5 முதல் 15 வயதுக்குள், பிள்ளை திடீரென்று பொருள்களைக் கீழே போடத் தொடங்கும். கையெழுத்து கெடும். முகம், கை, கால் தானாகத் துடிக்கும். காரணமில்லாமல் அழும். இது வாதக் காய்ச்சலின் ஒரு வடிவம், சிடன்ஹாம் கொரியா. இதய வால்வும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் எக்கோ சோதனை அவசியம். "சேட்டை பண்ணுகிறான், வேண்டுமென்றே போடுகிறான்" என்று வகுப்பில் தண்டிக்கப்படும் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

பெரியவர்களுக்கு?

"வயசாயிடுச்சு, கை தவறுது" என்று விட்டுவிட வேண்டாம். இங்கேயும் விவரம்தான் வழிகாட்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய், இரவில் கையை உதறத் தோன்றினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. இரண்டு கையிலும் பொத்தான் போட, சாவி திருப்பச் சிரமமும் நடையில் விறைப்பும் சேர்ந்து வந்தால் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். செருப்பு காலிலிருந்து கழன்றதே தெரியவில்லை என்று சர்க்கரை நோயாளி சொன்னால் பாத உணர்ச்சி குறைந்திருக்கிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் முழுச் சைவ உணவுக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம் வரலாம். வலிப்பு மாத்திரையின் அளவு கூடினாலும் தள்ளாட்டம் வரும். திடீரென்று ஒரு பக்கக் கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் எதையும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

"பார்த்து! கீழே போட்டுடாதே!" என்று எச்சரிப்பது உதவுமா?

உதவாது. என்ன செய்யக் கூடாது என்று மட்டுமே அதில் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. பதற்றத்தில் பிடி இறுகி, இன்னும் சிந்தும். செய்ய வேண்டியதைச் சின்னச் சின்ன ஏவலாகச் சொல்லுங்கள்: "ரெண்டு கையாலயும் நடுவுல பிடி." "டம்ளரைப் பார்க்காதே, போற வழியைப் பார்." "மேசை ஓரத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி வை."

பொருளையும் மாற்றுங்கள். எவர்சில்வர் டம்ளர் வழவழப்பானது, சூடேறும், பிடியில்லை. பிடி வைத்த குவளையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. விளிம்பு உயர்ந்த தட்டில் சோறு வெளியே தள்ளப்படாது. நாற்காலியில் உட்காரும்போது பாதம் தொங்கினால் உடம்பு ஆடும், கையும் ஆடும். காலடியில் ஒரு மணை போடுங்கள்.

பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் பொத்தானைத் துளைக்குள் முக்கால்வாசி நீங்களே தள்ளிவிடுங்கள். கடைசி இழுப்பு மட்டும் பிள்ளையுடையது. வேலை முடிந்த நிறைவு அவனுக்குக் கிடைக்கும். அது நன்றாக வந்த பிறகு பாதிவரை தள்ளுங்கள். அதற்கடுத்து துளையைக் காட்டுவது மட்டும் உங்கள் வேலை. கீழ்ப் பொத்தானில் தொடங்குங்கள், அது கண்ணுக்குத் தெரியும். கழுத்துப் பொத்தான் கடைசியில். தளர்ந்த துளையும் பெரிய பொத்தானும் உள்ள பழைய சட்டை பழக்கத்துக்கு நல்லது. நாள்தோறும் 10 நிமிடம் போதும், அதுவும் அவசரமில்லாத மாலை நேரத்தில். பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது கற்றுக்கொடுக்கவே கூடாது. அந்த நேரத்தில் நீங்களே போட்டுவிடுங்கள், ஷூவுக்கு ஒட்டுப்பட்டை வாங்குங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு நான்கு படி முறையைப் பயன்படுத்தலாம். கனடாவில் உருவாகி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளிடம் பரவியுள்ள முறை இது: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்யப் போகிறேன், செய்கிறேன், திட்டம் பலித்ததா. பலிக்காவிட்டால் திட்டத்தை மாற்றுவது. திட்டத்தைப் பிள்ளையே சொல்ல வேண்டும், நாம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எந்த வேலை வரவில்லையோ அதையே பழக்குவதுதான் பலன் தருகிறது. சமநிலைப் பலகையில் மணிக்கணக்கில் நிற்பதால் பொத்தான் போட வராது.

பந்து பிடிக்க, பலூனில் தொடங்குங்கள். அது மெதுவாக இறங்குவதால் கைக்கு நேரம் கிடைக்கும். பிறகு கடற்கரைப் பந்து, கடைசியில் டென்னிஸ் பந்து. சைக்கிளுக்கு இரண்டு பெடலையும் கழற்றி, இரு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி, உந்திப் போகவிடுங்கள். சமநிலை வந்த பிறகு பெடலை மாட்டலாம். விரல் வேலைக்குப் பல்லாங்குழி அருமையான பயிற்சி. உள்ளங்கையில் சோழிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு நகர்த்திப் போடுவதுதான் பென்சிலுக்கும் பொத்தானுக்கும் தேவையான அதே அசைவு.

கையெழுத்தை "கோழிக் கிறுக்கல்" என்று ஆசிரியர் எழுதியனுப்புகிறார்.

எதில் பிழை என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தின் அளவு சீராக இல்லையா, கோட்டில் உட்காரவில்லையா, சொல்லுக்கிடையே இடம் இல்லையா, வேகம் போதவில்லையா? தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ண, ன இரண்டுக்கும் சுழிக் கணக்கில்தான் வேறுபாடு. ஞ, ஐ போன்றவற்றில் பென்சில் பலமுறை திசை திரும்ப வேண்டும். ஆகவே ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுதும்போது கை சீக்கிரம் களைக்கும் பிள்ளைகள் உண்டு. முக்கோணப் பென்சில், அகலக் கோடு போட்ட நோட்டு, பலகையிலிருந்து பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள் ஆகியவை உதவும். தப்பான பத்தியைப் பத்து முறை எழுதவைப்பதால் கை களைத்து எழுத்து மேலும் கெடும்.

தேர்வில் சலுகை கிடைக்குமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை வரையறுக்கும் இடத்தில் டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழுவின் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஒன்றிய அரசின் நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. எழுத்தில் தடை இருப்பவர், தாம் சொல்வதை எழுதித்தர ஒருவரையும் கேட்கலாம். தேர்வு ஆண்டுக்குக் காத்திராமல் எட்டாம் வகுப்பிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். முதல் பரிசோதனைக்கு, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள்.

பி.டி. வகுப்பில் அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது எப்போதும் அவன்தான்.

தலைவர்கள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுத்தச் சொல்லிப் பள்ளியில் கேளுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நீச்சல், ஓட்டம், சிலம்பத்தின் தனிப் பாடம் போன்றவற்றில் பந்து வந்து மோதாது, தன் வேகத்தில் கற்கலாம்.

மாமா, சித்தி எல்லாரும் கேலி செய்கிறார்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். "அவனுக்குக் கைவேலை மெதுவாத்தான் வரும் மாமா, டாக்டர்கிட்ட காட்டிப் பழக்கிட்டிருக்கோம். அவன் முன்னாடி தத்தின்னு சொல்லாதீங்க, ஏதாவது கொடுத்தா ரெண்டு கையிலயும் வாங்கச் சொல்லுங்க." வேண்டாம் என்பதோடு செய்யக்கூடிய ஒரு வேலையையும் கொடுத்தால் பெரும்பாலான உறவினர் ஒத்துழைப்பார்கள். பிள்ளைக்கும் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும்: "எனக்கு இது பழக நேரம் ஆகும்."

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பலருக்குப் பெரியவரான பின்னும் தொடர்கிறது. ஆனால் பழகிய வேலைகள் கைவந்துவிடும், புதிய வேலைதான் ஒவ்வொரு முறையும் நேரம் கேட்கும். வண்டி ஓட்டக் கற்கும்போது கியர் இல்லாத ஸ்கூட்டரில் தொடங்கலாம். பயிற்சிப் பள்ளியில் கூடுதல் வகுப்புகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஆளில்லாத மைதானத்தில் பிரேக்கும் திருப்பமும் தனித்தனியாகப் பழகிய பிறகு சாலைக்கு வாருங்கள்.